எங்கள் சிவப்பு ஒயினும் நைனாவின் இலையும்

1

சித்தூர்ப் பெண் ஒருத்தி சீமையில் சாராய வியாபாரம் செய்து பிழைக்கிறாள், அவளுக்காகச் சபையார் ஜெபிக்க வேண்டும் என்று நம் சபைப் பத்திரிகையின் போன இதழில் ஒரு வரி வந்திருந்தது. பெயர் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? சித்தூரிலிருந்து கிளம்பி ஸ்விட்சர்லாந்தில் வந்து உட்கார்ந்திருக்கிறவள் நான் ஒருத்திதானே. அந்த வரியை எழுதிய அன்பருக்கு என் ஸ்தோத்திரம். ஜெபத்துக்கும் வந்தனம். ஆனால் ஐயா, அது சாராயம் இல்லை. ஒயின். அதிலும் சிவப்பு ஒயின். பழி போடுவதென்று முடிவு செய்தால் சரக்கு என்னவென்று விசாரித்துவிட்டாவது போடுங்கள்.

ஆசிரியர் என்னிடம் பனியைப் பற்றித்தான் எழுதச் சொல்கிறார். வாசகர்கள் ஆசைப்படுகிறார்களாம். பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? விழும். வாசலிலிருந்து அள்ளிப் போட வேண்டும். விரல் விறைக்கும். மறுபடி விழும். முடிந்தது. இந்தத் தடவை ஒயினைப் பற்றி எழுதுகிறேன். அதை எப்படி ருசி பார்ப்பது, நம் சாப்பாட்டில் எது அதனோடு ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது, எல்லாம் எழுதப் போகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை மடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணமாகி வந்த பிறகு போன தை மாதம்தான் முதல் தடவையாக ஊருக்கு வந்தேன். என்னைப் பெற்ற நைனா என்னோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றார். இந்த ஒயினால்தான். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் பனியைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

2

நைனாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், சபையில் மூப்பர், மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். சித்தூர்ச் சந்தையில் பெஞ்சுமேல் ஏறி நின்று தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாரே, அவர்தான். நம் ஜில்லாவில் கடைகளை மூடச் சட்டம் வந்தபோது அவருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். மெய்யாகவே சொல்கிறேன். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். சனிக்கிழமை கூலி வாங்கின புருஷன்மார் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் உடைத்துவிட்ட மண்டைகளுக்குத் தையல் போட்டவள். குடிபாலாவிலிருந்து மாட்டு வண்டியில் வந்த ஒருத்தி, தையல் போடும்போதும் அவனுக்குச் சோறு ஆக்க நேரமாகிறது என்று அழுதாள். கடையை மூடினது நியாயம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

என் வீட்டுக்காரர் எமில் அந்த ஆஸ்பத்திரிக்குப் புது வார்டு கட்ட வந்தவர். செங்கல் விழுந்து கட்டைவிரல் நசுங்கி என்னிடம் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தார். விரல் ஆறின பிறகும் வந்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரனா என்று சபையில் முணுமுணுத்தார்கள், வெள்ளைக்காரர் பங்களாக்களில் கறுப்பியா என்று முணுமுணுத்தார்கள். நைனா மட்டும் நேராக அவரிடமே கேட்டார்.

“உங்க ஊர்ல குடும்பத் தொழில் இன்னா?”

“தோட்டம் இருக்கிறது, ஐயா” என்றார் எமில். அவருடைய தமிழ் வேதாகமத்தில் கற்றது, பிசகாமல் வரும்.

தோட்டம் என்றதும் நைனாவுக்குச் சித்தூர் மாந்தோப்புதான் கண்ணில் வந்திருக்கும். தலையாட்டிவிட்டார். அது திராட்சைத் தோட்டம் என்பதும், அந்தத் திராட்சை எங்கே போகிறது என்பதும் கல்யாணம் முடிந்து கப்பல் ஏறின பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கேட்டால்தானே சொல்வார்கள்? எமில் ஒன்றும் ஒளிக்கவில்லை. ஆனால் நைனா அன்றைக்கு மூட்டின கோபத்தை அணையவே விடவில்லை.

3

ஸ்விட்சர்லாந்தில் எங்கள் ஊர் ஓர் ஏரிக்கரைச் சரிவு. கல் கட்டிக் கட்டிப் படி மாதிரி எடுத்திருக்கிறார்கள், அதில் கொடி. வெயில் இங்கே விருந்தாளி. வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. நம் ஊரில் மாங்காய் ஒரே மாதத்தில் வெந்து பழுக்கிறதே, அந்தப் பேச்சே கிடையாது. இந்தக் கறுப்புத் திராட்சை மெதுவாக, முனகிக்கொண்டே பழுக்கும். அதனால் புளிப்பு போகாமல் நிற்கும், இனிப்பு அளவோடு ஏறும், சாறு கனக்காது. குளிர் நாட்டுச் சிவப்பு ஒயினுக்கு உயிரே அந்தப் புளிப்புதான் என்று என் மாமியார் சொல்லுவாள். மாமனார் போன பிறகு கிடங்கையும் பீப்பாய்களையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள் அவள். வாயைத் திறந்தால் ஊரே அடங்கும்.

நான் வந்த முதல் வசந்தத்தில் என்னையும் கிடங்குக்குக் கூப்பிட்டாள். பீப்பாய் பீப்பாயாகக் கொஞ்சம் எடுத்து ருசி பார்க்கும் நாள். கையில் காம்பு வைத்த ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொடுத்தாள். எனக்குத் தெரிந்த திராட்சரசம் நம் சபையில் கர்த்தரின் இராப்போஜனத்தில் அப்பத்தோடு கொடுக்கக் காய்ச்சுவது ஒன்றுதான். உங்களுக்குத் தெரியும். நைனா ரயிலேறித் திருப்பதிக்குப் போய், கோயில் லட்டுக்குத் திராட்சை வாங்குகிற அதே கடைத்தெருவில் உலர்ந்த திராட்சை வாங்கி வருவார். நல்ல சரக்கு அங்கேதான் கிடைக்கும். அம்மா அதை ஊறவைத்துப் பிசைந்து, வெல்லம் போட்டுக் காய்ச்சி இறக்குவாள். கறுத்துக் கெட்டியாக, நாக்கில் ஒட்டுகிற இனிப்பு. அதை நினைத்துக்கொண்டு மாமியார் ஊற்றினதை வாயில் விட்டேன். தண்ணீர் மாதிரி மெலிசு. பல் கூசுகிற புளிப்பு.

“கெட்டுப் போச்சு” என்று சொல்லிவிட்டேன்.

எமில் அதை அப்படியே பிரெஞ்சில் சொல்லித் தொலைத்தார். மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அது அந்த வருஷத்தின் மிக நல்ல பீப்பாயாம்.

அதைவிடப் பெரிய கூத்து பின்னால் நடந்தது. அங்கே ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை. வாயில் வைத்துக் கொப்பளித்து, மணல் போட்ட வாளியில் துப்பிவிடுவார்கள். துப்பாவிட்டால் ஐந்தாவது பீப்பாய்க்கு மேல் நாக்கும் தலையும் நம் பேச்சைக் கேட்காது. திராட்சரசத்தைத் துப்புவதா? நம் சபையில் பாத்திரத்தில் மிஞ்சினதைக் கொட்டக்கூடாது, பாதிரி ஐயரே குடித்து முடிக்க வேண்டும். ஒரு சொட்டு பாயில் விழுந்தால் அம்மா ஈரத்துணியால் ஒற்றி, அந்தத் துணியைத் தனியாக அலசி, அந்தத் தண்ணீரையும் மிதிபடாத இடத்தில் செடிக்கு ஊற்றுவாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். வாளியைப் பார்த்தேன், மாமியாரைப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். எல்லாப் பீப்பாயையும் விழுங்கினேன். அப்புறம் கிடங்கு வாசல்படியில் உட்கார்ந்து, சித்தூர்ச் சபைக் கீர்த்தனைகளைச் சரணம் விடாமல் உரக்கப் பாடினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாக எமில் சொல்கிறார். அன்றைக்குத்தான் அவள் என்னை மருமகளாக ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கும் நான் துப்புவதில்லை. எனக்கு மட்டும் ஒரு மடக்குக்கும் குறைவாக ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாங்க வருகிற பெரிய ஓட்டல்காரர்கள் முறைத்துப் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

4

ருசி பார்க்கிற விதம் இதுதான். கிண்ணத்தின் வயிற்றைப் பிடிக்காதீர்கள், கைச்சூடு ஏறிவிடும். கீழே காம்பைப் பிடியுங்கள். வெள்ளைத் துணிக்கு நேராகச் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். எங்கள் ஒயினில் துணியின் நூல் தெரியும், அவ்வளவு வெளுப்பு. நிறம் வெளுப்பாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. மெதுவாகச் சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள். இங்குள்ளவர்கள் ஏதேதோ சிவப்புப் பழங்களின் பேர் சொல்லுவார்கள். எனக்கு முதலில் களாப்பழம் வாசனைதான் வரும், பின்னால் முதல் மழை விழுந்த மண். பழைய சரக்காக இருந்தால் காளானும் காய்ந்த இலையும் வரும். அப்புறம் வாயில் கொஞ்சம் எடுத்து, உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சத்தம் வரும். நம் வீட்டில் காப்பியை அப்படி உறிஞ்சினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். இங்கே அதுதான் படிப்பு. புளிப்பு நாக்கின் இரண்டு பக்கமும் சுரக்க வைக்கும், ஈறில் ஒரு துவர்ப்பு, நெல்லிக்காயைவிடக் குறைவு. நல்ல ஒயின் என்றால் விழுங்கின பிறகும் வாயில் அந்தப் பழம் கொஞ்ச நேரம் நிற்கும்.

நம் ஊர்ச் சூட்டில் இது வேலைக்காகாது. பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி வேண்டும். அதற்குமேல் சூடானால் சாராயக் காட்டம் ஒன்றுதான் மூக்கில் ஏறும்.

இனி சாப்பாடு. மாமியார் வீட்டிலும் ஒரு விலக்குச் சட்டம் இருந்தது. ருசி பார்க்கிற வாரத்தில் தாளிப்பு கூடாது! எண்ணெயில் கடுகு வெடித்தால் அந்த நெடி மூக்கில் ஏறி ஒயினின் வாசனையைக் கொன்றுவிடுமாம். போகட்டும், அந்த ஒரு வாரம் சரி. வருஷம் பூராவும் “உன் நாட்டுச் சாப்பாட்டுக்கும் எங்கள் ஒயினுக்கும் ஆகாது” என்றாள் பாருங்கள், அதில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. யார் சொன்னது ஆகாதென்று? விறகுக் கொட்டகையில் அடுப்பு மூட்டினேன். சமைத்துச் சமைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு வாய் ஒயின் வைத்துப் பார்த்தேன்.

புளிக்குழம்பு ஆகவே ஆகாது. புளிப்போடு புளிப்பு மோதி இரண்டும் கெடும். கோங்குரா, அதுதான் புளிச்சக்கீரை, அதன் பக்கமே போகாதீர்கள். வெல்லம் போட்ட எதுவும் ஆகாது, அதைத் தின்றுவிட்டுக் குடித்தால் ஒயின் புளித்த காடியாகத் தெரியும். ஆனால் ஆட்டுக்கறியை மிளகும் தனியாவும் அரைத்துப் போட்டுச் சுருள வதக்கிப் பாருங்கள்! கறியின் கொழுப்பை அந்தப் புளிப்பு கழுவிவிட்டு, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும். காளான் வறுவல், சுட்ட கத்திரிக்காய் மசியல், மொச்சைக் கூட்டு எல்லாம் ஒத்துப்போகும். வேர்க்கடலை அரைத்து விட்ட கோழிக்குழம்பு இருக்கிறதே, அது ஈறில் நிற்கிற துவர்ப்பைப் பூப்போல எடுத்துவிடும். ராகிக் களிகூடச் சேரும். அதிலும் மண் வாசனை, இதிலும் மண் வாசனை. பழைய ஒயினாக இருந்தால் இன்னும் விசேஷம்.

களியையும் கோழிக்குழம்பையும் மாமியார் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கரண்டியால் தின்றாள். ஒயினை ஒரு வாய் குடித்தாள். மறுபடி தின்றாள். “இது பரவாயில்லை” என்றாள். அந்தப் பொம்பிளை வாயில் அது பெரிய புகழ்ச்சி.

என் மகள் எஸ்தர்தான் இன்னும் மசியவில்லை. பத்து வயசு. களியைப் பார்த்து “சேறு” என்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தவிர வேறெதுவும் எடுத்துப்போக மாட்டாள். நான் தமிழில் திட்டினால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். பாஷை வேறே தவிர சண்டையில் குறை வைக்கிறதில்லை.

5

தை மாதத்தில் இங்கே கொடிகள் மொட்டையாகத் தூங்கும். அந்தச் சமயம் பார்த்து மூன்று பேரும் கப்பலேறி மதராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் திருப்பதிக்கு வந்தோம். திருப்பதி ஸ்டேஷனில் மொட்டை அடித்த குடும்பம் ஒன்று எங்கள் பெட்டியில் ஏறியது. தாயும் பிள்ளைகளும் எல்லாருமே மொட்டை. எஸ்தர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அந்தம்மா சிரித்து அவள் கையில் ஒரு லட்டுத் துண்டைத் திணித்தாள். எஸ்தர் அதிலிருந்த திராட்சையை மட்டும் பொறுக்கித் தின்றாள். திராட்சைக்காரர் வீட்டுப் பெண் இல்லையா!

பாகாலாவில் இறங்கிச் சித்தூர் வண்டிக்கு மாறினபோது மதுவிலக்கு அதிகாரி ஒருவர் பெட்டி படுக்கைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் கவலைப்படவில்லை. ஊரில் சட்டம் வந்திருக்கிறது, ஒரு சொட்டும் எடுத்து வரக்கூடாது என்று எமிலிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதிகாரி எங்கள் டிரங்கின் அடியிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை இழுத்தார். உள்ளே பாட்டில்.

எமில் காது மடல் வரை சிவந்துவிட்டார். அவர் ஊர் வழக்கம் அப்படி. மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போகிற மருமகன் தன் கையால் செய்த ஒயினைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே ஊற்ற வேண்டும். வெறுங்கையோடு போனால் மாமனாரை மதிக்காதவன். கல்யாணத்தின்போது ஆஸ்பத்திரிக் கட்டட வேலையில் இருந்ததால் அந்தக் கடமை பாக்கி நின்றுவிட்டதாம். மதுவிலக்குச் சங்கத் தலைவருக்கு மரியாதை செய்ய மனுஷன் ஒயின் கொண்டுவந்திருக்கிறார்!

“இதி எவரிதி?” என்று தெலுங்கில் கேட்டார் அதிகாரி, யாருடையது என்று.

“என்னுடையது” என்றார் எமில்.

அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. “தொரைக்குத் தெரியாதுபோல. பர்மிட் வாங்கிக்கினா வெச்சிக்கலாம் சார். இப்பத்திக்கு இத்த ஊத்திடறேன், கேஸு கீஸு ஒண்ணும் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. “என்னுதுன்னு நான் சொல்லியிருந்தா?” என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவை, கொண்டை, சித்தூர் முகம். “சொல்லியிருந்தா நடம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குன்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார், அவர்மேல் குற்றமில்லை. சட்டம் அப்படி. கார்க்கைத் திருகிப் பாட்டிலைப் பிளாட்பாரத்துக்கு வெளியே கவிழ்த்தார். காய்ந்த மண்ணில் பட்டதும் குப்பென்று அந்த வாசனை கிளம்பியது, எங்கள் சரிவு முழுக்கப் பாகாலா ஸ்டேஷனில் வந்து நின்ற மாதிரி. எஸ்தர் ஓவென்று அழுதாள். எமில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

6

அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். நைனா எஸ்தரைத் தூக்கி முத்தம் கொடுத்தார், எமிலுக்குக் கை கொடுத்தார், என்னிடம் “வாம்மா” என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டு வேளைக்குத் தன் இலையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் நான் அறை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

“நைனா, ஏன் தனியாத் துன்றீங்க?”

“கர்த்தரோட பந்தில ஒக்கார முடியாதவளோட நான் எப்பிடி ஒக்காந்து துன்றது? மூப்பன்மா நான். நாளைக்கி ஒருத்தன் கேப்பான்.”

“யார் சொன்னது ஒக்கார முடியாதுன்னு?”

“சபை சொல்லுது. குடிக்கிறவங்களும் விக்கிறவங்களும் கடைசிப் பாய்ல, அவங்களுக்குப் பாத்திரம் கெடையாது. தெரியாத மாதிரி கேக்கற! ஞாயித்துக்கெழம எழுந்து நின்னு, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அன்னிக்கே ஒண்ணா ஒக்காந்து துன்னலாம். ஒன்னோட துன்னணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லியா?”

“இன்னா தப்புப் பண்ணேன்? சோத்தோட ஒரு கிண்ணம் குடிக்கிறேன். யாரு மண்டைய ஒடச்சேன்? யாரு தாலிய அடகு வெச்சேன்?”

“வாதாடாத.”

“ஒங்க பொண்ணு வாதாடாம வேற எப்பிடி இருப்பா?”

அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. அத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறேன், மறுபடி எப்போது வருவேனோ. இரவில் நினைத்து நினைத்துப் பார்த்தேன். வாய் வரவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டால், மாமியார் வீட்டில் இத்தனை வருஷம் நான் போட்ட சண்டை எல்லாம் எதற்கு? பார்த்துக்கொண்டிருக்கிற என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

7

ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனம். நான் கடைசிப் பாயில், இன்னும் திடப்படுத்தப்படாத, பாத்திரம் வாங்கும் வயசு வராத பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். எஸ்தர் என் மடியில் சாய்ந்திருந்தாள். எமிலுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தனக்கும் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐயர் ஜெபித்துப் பாத்திரத்தை நைனாவிடம் கொடுத்தார். மூப்பர்தான் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோவது நம் சபை வழக்கம். நைனா திரும்பினார். முதல் ஆளாக எமிலிடம் நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எழுந்து நின்றேன். பெண்கள் பக்கமிருந்து யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டேன்.

“நைனா, நில்லுங்க” என்றேன். சபையில் பொம்பிளைக் குரல். கூரையிலிருந்த புறாக்கூட அடங்கிவிட்டது. “திராட்சைய நசுக்கறவரு அவுரு. பீப்பாயில ஊத்தறவரு அவுரு. விக்கிறவரும் அவுரு. நான் அவுருக்குச் சோறு ஆக்கறவ. அவுருக்கு மொதப் பாத்திரம், எனக்குக் கடைசிப் பாயா? அவுருக்கு உண்டுன்னா எனக்கும் உண்டு. எனக்கு இல்லன்னா அவுருக்கும் இல்ல. தோல் நெறத்தப் பாத்து மாறறதா இருந்தா அது இன்னா சட்டம் நைனா?”

எமில் பாத்திரத்தில் வாய் வைக்கவில்லை. இரண்டு கையாலும் அதை நைனாவிடம் திருப்பிக் கொடுத்தார். “மாமா, அவள் சொல்வது சரி. நான் அறியாமல் இங்கே உட்கார்ந்தேன்” என்றார். நாற்காலியை விட்டு எழுந்து, ஆண்கள் பாயையெல்லாம் தாண்டி வந்து, என் பக்கத்தில் பிள்ளைகள் நடுவே நீளக் கால்களை மடக்கி உட்கார்ந்தார்.

நைனா அதே இடத்தில் நின்றார். ஐயர் மெதுவாக ஏதோ சொன்னார். நைனா ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். கடைசிப் பாய்க்கு அது வரவில்லை. இன்றைக்கு வரையில் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் சிலர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே ஒருத்தி, என்னோடு நர்ஸாக இருந்தவள், வந்து கையை அழுத்திவிட்டுப் போனாள். அன்பரே, ஒருவேளை நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்திருக்கலாம். அப்படியானால் பத்திரிகையில் வரி எழுதினபோது இதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே.

8

வீட்டுக்கு வந்ததும் அம்மா இலை போட்டாள். ஆட்டுக்கறிக் குழம்பு, ராகிக் களி. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நைனா உள் அறையிலிருந்து வந்தார், கையில் தன் இலை. வழக்கம்போல எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் எதிரில் இலையைப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அது சபையோட பந்தி. அத்த மாத்தறது என் ஒருத்தன் கைல இல்ல. கூட்டத்துல பேசறேன், கேக்கறானுங்களோ இல்லியோ” என்றார். “இது என் ஊட்டு எல. இதுல யாரு ஒக்காரணும்னு நான்தான் சொல்லணும்.” அப்புறம் அம்மாவைப் பார்த்து, “போடு” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எஸ்தர் தாத்தாவைப் பார்த்துக்கொண்டே களியில் விரலை வைத்தாள். அவர் உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதைப் பார்த்து அதேபோல உருட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

நைனா பாதி சாப்பிட்ட பிறகு, இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா, அங்க அந்தச் சரக்கோட இன்னா துன்னுவீங்க?”

“இதான் நைனா. கறிக்கொழம்பு, களி.”

“நெஜமாவா! இதே கொழம்பா?”

“இதேதான். மொளகா மட்டும் கொறைக்கணும். ஒறப்பு இருந்தா அது வாயில நெருப்பா எரியும், ருசியே தெரியாது. பாதிக்குப் பாதி கொறச்சுடுவேன்.”

நைனா கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

“மொளகாயக் கொறைக்கணுமா?”

“ஆமா.”

“அடச்சே! இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா? மொளகாய வுட்டுட்டு இங்க எவன் குடிக்கப் போறான்? சித்தூர் ஜில்லாவுக்குச் சட்டமே தேவப்பட்டிருக்காதே” என்று சொல்லி, தன் இலையிலிருந்த நல்ல கறித்துண்டு ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தார்.